புருவத்தில் தங்காத கம்பி

தெருவுக்குள் நுழைந்து தேனீ கடை எங்கே என்று கேட்டால் போதும். கீழே சாவி வெட்டுகிறவர் மெஷினை நிறுத்தாமலே கட்டைவிரலைத் தூக்கி மாடிப்படியைக் காட்டுவார். ஒரே ஆள் ஏறக்கூடிய படி. மேலே போகிறவர்கள் காதையோ மூக்கையோ தடவிக்கொண்டே போவார்கள், இறங்குகிறவர்கள் முகம் பார்க்கக் கண்ணாடி தேடிக்கொண்டு வருவார்கள். கடைக்காரிக்கு அந்தப் பேரை வைத்ததும் சாவிக்காரர்தான். கையில் ஊசி இருக்கிறது, ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாது, சீண்டினால் வாயாலும் கொட்டுவாள், பிறகு வேறென்ன பேர் வைப்பதாம்? அவளுக்கும் அது பிடித்துப்போய்க் கடைப் பலகையிலேயே எழுதிவிட்டாள்.

காது, மூக்கு, உதடு, புருவம், தொப்புள் என்று உடம்பில் கேட்ட இடத்தில் துளை போட்டு நகை மாட்டிவிடுவது அவள் தொழில். கேட்ட இடத்தில் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். வருகிறவர்களில் பாதிப் பேரை ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவாள். இப்படிக் கடை நடத்துகிறவள் இன்னும் கடையை மூடாமல் இருக்கிறாளே என்று தெருவே வியக்கும். திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தான் அடுத்த வாரம் தங்கையையோ தோழியையோ கூட்டிக்கொண்டு வருவார்கள் என்பது தெருவுக்குத் தெரியாது.

அறை சின்னது. நடுவில் ஒரு நாற்காலி, பல் ஆஸ்பத்திரி ஒன்றை மூடியபோது வாங்கியது, காலால் மிதித்தால் ஏறும், இறங்குவதற்கு மட்டும் கொஞ்சம் கெஞ்ச வேண்டும். மூலையில் கருவிகளை ஆவியில் வேகவைக்கும் பெட்டி உறுமிக்கொண்டே இருக்கும். சுவரில் ஒரு முகத்தின் பெரிய படம், எங்கெல்லாம் நகை மாட்டலாம் என்று புள்ளி புள்ளியாக வைத்தது. ஊசி ஒவ்வொன்றும் அதனதன் உறையில் இருக்கும். உறையை வாடிக்கையாளர் கண்முன்னே கிழிப்பாள், வேலை முடிந்ததும் கண்முன்னே குப்பை டப்பாவில் போடுவாள். தரையில் ஒரு முடி கிடந்தால்கூட அவளுக்கு உடம்பு கூசும்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் வந்தாலும் உடனே நாற்காலியில் ஏற்றிவிட மாட்டாள். "என்ன வேலை பாக்கறீங்க?" என்பாள். வாயால் சொன்னால் போதாது. "செஞ்சு காட்டுங்க." வந்தவர் திருதிருவென்று விழிப்பார். பிறகு வெட்கத்தை விட்டுச் செய்து காட்டுவார். மூட்டை தூக்குகிறவர் அங்கிருந்த ஸ்டூலைத் தோளில் ஏற்றி அறையைச் சுற்றி வந்தார். மூட்டை உரசாத பக்கத்துக் காதில்தான் கம்மல் ஏறியது. லாரி ஓட்டுகிற பெண் ஒருத்தி பெல்ட் மாட்டி, கியர் போட்டு, வாயாலேயே ஹாரனும் அடித்துக் காட்டினாள். பெல்ட் எங்கே அழுத்துகிறது என்று பார்த்த தேனீ, தொப்புள் கேட்டு வந்தவளை மூக்கு குத்தி அனுப்பினாள். ட்ரம்பெட் வாசிக்கிறவர் கீழுதட்டில் வளையம் கேட்டு வந்து கன்னம் உப்ப ஊதிக் காட்டினார். "உதட்டுல ஊசி போட்டா அக்கம்பக்கம் நிம்மதியா தூங்கும். உங்களுக்குத்தான் சோறு கிடைக்காது" என்று அவரை டீ கொடுத்து அனுப்பிவிட்டாள்.

இது சும்மா வந்த பழக்கம் இல்லை. முன்பு ஒரு பேன்ஸி கடையில், துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை வைத்து 'டக் டக்' என்று காது குத்துகிற வேலையில் இருந்தாள். ஒரு நர்ஸுக்குக் காது மேல்மடலில் குத்திவிட்டாள். அந்தப் பெண் நாள் முழுக்க மாஸ்க் போடுகிறவள். மாஸ்க் கயிறு இழுத்து இழுத்துக் காது வீங்கிப் பழுத்து, ஒரு நாள் வந்து நின்றாள். கோபப்படவில்லை, திட்டவில்லை. "ஏன்னு தெரியலம்மா, எனக்கு மட்டும் இப்படி ஆயிடுச்சு" என்றாள். அவள் திட்டாததுதான் தேனீயைச் சுட்டது. வேலையை விட்டாள். ஊசியால் முறையாகக் குத்தக் கற்றுக்கொண்டு சொந்தமாக இந்த மாடியைப் பிடித்தாள். அன்றிலிருந்து, ஒருவர் நாள் முழுக்க உடம்பை என்ன பாடு படுத்துகிறார் என்று பார்க்காமல் அவள் குறி வைத்ததே இல்லை. ஒரே ஒரு தடவை தவிர. அந்த ஒரு தடவையும் அவள் வீட்டு ஆளிடமே நடந்தது.

வீட்டு ஆள் என்றால் நாத்தனார். தேனீயின் கணவன் பஸ் டிரைவர். அவனுடைய அக்கா, கேட் செய்கிற பட்டறையில் வெல்டர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டறையில் சேர்ந்து, நெருப்புப் பொறியில் கை வெந்து தம்பியை ஆளாக்கியவள் அவள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் வந்ததில்லை.

தம்பி தேனீயை முதன்முதலாக அழைத்துப் போன அன்று, நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஓட்டை போடறதெல்லாம் ஒரு தொழிலா?" என்றாள். அவள் கேட்டது கேலியாகவா, நிஜமாகவே தெரிந்துகொள்ளவா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. தேனீக்கு அதை யோசிக்கிற பொறுமை எங்கே இருந்தது? வாய் முந்திக்கொண்டது. "நீங்க இரும்போடயே இருக்கறவங்க. மனுஷங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு மறந்து போச்சு போல."

சொன்ன கையோடு, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. நாத்தனார் எழுந்து போய்த் தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டாள். பிறகு தேனீயிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. கல்யாணம் நடந்தது, வீடு மாறினார்கள், வருஷங்கள் ஓடின, அந்த ஒரு வாக்கியம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு நாத்தனார் வருவாள். இரண்டு பேருக்கும் நடுவில் டிரைவர் உட்கார்ந்து தபால்காரன் வேலை பார்ப்பான். "அக்கா உப்பு கேக்கறாங்க." "போதுமான்னு அவ கேக்கறா." பஸ்ஸில் பின்னால் என்ன சண்டை நடந்தாலும் ரோட்டைப் பார்த்து ஓட்டிப் பழகியவன் அவன். குடும்பத்தையும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தான்.

அப்படிப்பட்ட நாத்தனார், ஒரு விடுமுறை நாள் மத்தியானம், மாடிப்படி ஏறி வந்து கடை வாசலில் நின்றாள்.

தலைக்குக் குளித்து, முடியை இழுத்து வாரி, நல்ல துணி உடுத்தி வந்திருந்தாள். தேனீக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வாங்க அண்ணி" என்றாள். நாத்தனார் அறையைச் சுற்றிப் பார்த்தாள், சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள், விரலை நீட்டினாள்.

"இது. இங்க."

புருவம்.

வேறு யாராக இருந்தாலும் தேனீ ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாள். ஏன் புருவம், எத்தனை நாளாக யோசனை, ஆறும்வரை பொறுமை இருக்குமா. எல்லாவற்றுக்கும் மேலே, என்ன வேலை, செய்து காட்டுங்கள். அந்தக் கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இந்த மனுஷியிடம் வேலைப் பேச்சை எடுத்துத்தானே எல்லாம் கெட்டது? இத்தனை வருஷம் கழித்து அவளாகவே படி ஏறி வந்திருக்கிறாள். மறுபடியும் வாயைக் கொடுத்து அந்த இரும்புப் பேச்சுக்கே போய் நிற்பதா? தேனீ கேள்வியை மென்று விழுங்கினாள். "உக்காருங்க அண்ணி" என்றாள்.

வைத்த குறியை இரண்டு தடவை அழித்து மறுபடியும் வைத்தாள். அந்த முகத்தை அவள் தொடுவது அதுதான் முதல் தடவை. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு, "தம்பி சொல்லியிருக்கான், உன் கை மெதுவா இருக்கும்னு" என்றாள். தேனீக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. துளையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆழம் சரி, சாய்வு சரி, லேசாக வளைந்த கம்பியின் இரண்டு முனையிலும் இரண்டு சின்ன மணி, புருவத்துக்கு மேலும் கீழும் அளந்து வைத்தது போல உட்கார்ந்தன. நாத்தனார் கண்ணாடியில் பார்த்தாள். உதட்டோரம் ஏதோ அசைந்தது.

அதற்குப் பிறகு அவள் விடுமுறைக்கு விடுமுறை வர ஆரம்பித்தாள். உப்புத் தண்ணீரில் எப்படிக் கழுவுவது என்று கேட்க வந்தாள். கழுவியது சரியா என்று காட்ட வந்தாள். பிறகு காரணமே சொல்லாமல் வந்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு டம்ளர் டீயோடு உட்கார்ந்து டிரைவரை வறுத்து எடுத்தார்கள். அவன் சின்ன வயதில் பூனைக்குப் பயந்து கட்டில் மேல் நின்று சாப்பிட்ட கதையைக் கேட்டு தேனீ சிரித்த சிரிப்பில் கீழே சாவிக்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பு நேராகவே கை மாறியது. தபால்காரனுக்கு வேலை போயிற்று, அவனும் அதற்காக வருந்தவில்லை.

பிறகுதான் அந்தக் கம்பி நகர ஆரம்பித்தது.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. முள் தைத்தால் உடம்பு அதை மெல்ல மெல்ல வெளியே தள்ளப் பார்க்கும். சில சமயம் நகையையும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளும். நன்றாகக் குத்தியிருந்தாலும் நடக்கும், மோசமாகக் குத்தியிருந்தாலும் நடக்கும். முதலில் கம்பி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெளியே தெரியும். துளை பெரிதாகும். இரண்டு துளைக்கும் நடுவில் இருக்கிற தோல் சிவந்து, உரிந்து, நாளாக ஆகக் கம்பியின் நிழல் தெரிகிற அளவுக்கு மெலிந்துவிடும். அப்போதே கழற்றிவிட்டால் சின்னத் தழும்போடு போகும். ஆசைப்பட்டு விட்டுவைத்தால் தோலைக் கிழித்துக்கொண்டு தானாக விழும். தழும்பு புருவத்தை இரண்டாக வெட்டிவிடும். இதையெல்லாம் எத்தனையோ பேருக்கு அவளே வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறாள்.

தன் நாத்தனார் முகத்தில் அதைப் பார்த்தபோது மட்டும் அவள் கண்டும் காணாமல் இருந்தாள். வெளிச்சம் சரியில்லை என்றாள், வீக்கம் வடிந்ததால் கம்பி நீளமாகத் தெரிகிறது என்றாள். டைட்டானியக் கம்பி ஒன்றை எடுத்து, "இது உடம்புக்கு இன்னும் ஒத்துப்போகும் அண்ணி" என்று மாற்றிப் போட்டாள். கழற்றச் சொல்லிவிட்டால்? இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதானே இந்த மனுஷி வந்தாள்? இது போனால் அவளும் போய்விடுவாள், ஞாயிற்றுக்கிழமை உப்பு மறுபடியும் டிரைவர் கை வழியாகத்தான் வரும். தேனீ தன் வாழ்க்கையில் உண்மை சொல்லப் பயந்தது அநேகமாக அந்தச் சில வாரங்கள்தான்.

நாத்தனாரும் சும்மா இல்லை. ஒரு நாள் நெற்றியில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வந்தாள். தலைவலி என்றாள். அடுத்த முறை முடியை முன்னால் இழுத்துவிட்டு வந்தாள், அந்த வயதில் அந்த அலங்காரம் அவளுக்குப் பொருந்தவே இல்லை. பிறகு வருவதையே நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கும் ஏதோ வேலை என்று சொல்லி அனுப்பினாள்.

தேனீ கணவனைப் பிடித்தாள். "உங்க அக்கா ஏன் வரல?"

"ஓவர்டைம்னு சொன்னாங்க."

"புருவம் எப்படி இருக்கு? பாத்தீங்களா?"

"நான் ரோட்டைப் பாத்து ஓட்டறவன்மா."

"பஸ்ஸைக் கேக்கல. புருவத்தைக் கேக்கறேன்."

அவன் சட்டைப் பொத்தானைப் போட்டான், கழற்றினான், மறுபடியும் போட்டான். பிறகு மெதுவாக, "செவந்து போய் இருக்கு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க" என்றான்.

தேனீ அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. நேராகப் பட்டறைக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பக்கம் போனதே கிடையாது.

தகரக் கூரை, தரையெல்லாம் இரும்புத் துண்டு, வெட்டுகிற மெஷினின் அலறல். நடுவில் பாதி முடிந்த பெரிய கேட் ஒன்று முக்காலிகள் மேல் படுத்திருந்தது. அதன் மேல் குனிந்து நின்றிருந்தாள் நாத்தனார். தலையில் வெல்டிங் முகமூடி, முகத்துப் பலகை மேலே தூக்கி விட்டிருந்தது. மேஸ்திரி ஓடி வந்து ஒரு கறுப்புக் கண்ணாடியைத் தேனீ கையில் திணித்தார். "பொறியை வெறும் கண்ணால பாக்காதீங்கம்மா, ராத்திரி கண்ணு எரியும்." அவள் அதைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

ஒரு கையில் வெல்டிங் பிடி, இன்னொரு கையில் ஒட்ட வேண்டிய கம்பி. இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது முகமூடியை எப்படி இறக்குவது? நாத்தனார் தலையைச் சட்டென்று முன்னால் ஒரு வெட்டு வெட்டினாள். முகமூடி சடாரென்று முகத்துக்கு இறங்கியது. வெளிச்சம் வெடித்தது, அடங்கியது. மணிக்கட்டால் முகமூடியைத் தள்ளி ஏற்றினாள், ஒட்டிய இடத்தைப் பார்த்தாள், அடுத்த கம்பியை எடுத்தாள், தலையை மறுபடி ஒரு வெட்டு வெட்டினாள். சடார். ஒவ்வொரு வெட்டுக்கும் தலையைச் சுற்றி இறுக்கியிருந்த பட்டை நழுவிப் புருவத்தில் இறங்கியது. பட்டைக்குக் கீழே கொஞ்சம் பஞ்சு வைத்திருந்தாள். அந்தப் பஞ்சில் லேசாக ரத்தம்.

காலையிலிருந்து மாலைவரை, நாள் தவறாமல், அந்தப் பட்டை தன் கம்பியின் மேல் மணியை இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது என்று தேனீக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரே ஒரு தடவை "செஞ்சு காட்டுங்க" என்று கேட்டிருந்தால், அந்தச் சின்ன அறையில் நாத்தனார் தலையை ஒரு வெட்டு வெட்டியிருப்பாள். அதற்கு மேல் புருவத்தின் பக்கம் தேனீ ஊசியைக் கொண்டு போயிருப்பாளா?

அவள் நினைத்திருந்தால் தப்பித்திருக்கலாம். உடம்பு ஏற்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் குறை சொல்ல முடியாது. எத்தனையோ பேருக்கு உடம்பு ஏற்காமல் போகத்தான் செய்கிறது. தொழில் செய்கிற பலரும் அந்த வார்த்தையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்கள். தேனீக்கு அது தோன்றவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் சொல்லவில்லை. அதற்காகவே அவள் இருக்கிற பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போடலாம்.

வெளிச்சம் அடங்கியதும் நாத்தனார் நிமிர்ந்தாள், வாசலில் நிற்பவளைப் பார்த்தாள், முதல் காரியமாகக் கையால் புருவத்தை மறைத்தாள்.

"ஒண்ணும் இல்ல" என்றாள். "நல்லாத்தான் இருக்கு."

"கையை எடுங்க அண்ணி."

"வேலை நேரத்துல என்ன இது? போ, நான் ஞாயித்துக்கிழமை வரேன்."

"கையை எடுங்க."

மேஸ்திரி, வெட்டுகிறவர், பெயிண்ட் அடிக்கிறவர் எல்லாரும் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். நாத்தனார் கையை எடுத்தாள். தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து, கம்பி உள்ளே இருப்பது பளிச்சென்று தெரிந்தது. தேனீக்குக் கண் நிறைந்துவிட்டது.

பெயிண்ட் அடிக்கிறவர் சமாதானமாகச் சொன்னார்: "அவங்ககிட்ட நாங்களே சொன்னோம்மா, இந்த வேலைக்கு இதெல்லாம் எதுக்குன்னு. கேட்டாதானே. 'என் தம்பி பொண்டாட்டி கையால போட்டது, கழட்ட மாட்டேன்'னுட்டாங்க."

"அவங்க மேல தப்பு இல்ல" என்றாள் தேனீ. எல்லாருக்கும் கேட்கிற குரலில்தான் சொன்னாள். "தப்பு என்னோடது. கடைக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் என்ன வேலை, செஞ்சு காட்டுங்கன்னு கேப்பேன். இவங்ககிட்ட கேக்கல. கேட்டிருந்தா இந்த இடத்துல போட்டிருக்கவே மாட்டேன்."

நாத்தனார் பதறிப்போய்விட்டாள். "ஏய், நீ ஏன் அப்படிச் சொல்றே? என் வேலைதான் உன் வேலையைக் கெடுத்துடுச்சு. இரும்போட கிடக்கறவளுக்கு எதுக்கு இந்த ஆசை?"

இரும்பு என்ற சொல் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து விழுந்தது. இத்தனை வருஷமாக இரண்டு பேரும் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்த சொல் அது. தேனீ அதைச் சுற்றிப் போகவில்லை.

"அன்னைக்கு நான் சொன்னதை நீங்க மறக்கல, நானும் மறக்கல. அந்த வார்த்தைக்குப் பயந்துதான் உங்க வேலையைப் பத்தி வாயைத் திறக்கல. மன்னிச்சிடுங்க அண்ணி. அன்னைக்குப் பேசினதுக்கும், இப்ப பேசாம இருந்ததுக்கும்."

மேஸ்திரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இரும்புத் தூசி என்று யாரிடமோ சொன்னார்.

"வாங்க, கடைக்குப் போவோம். கழட்டிடலாம். இன்னும் விட்டா கிழிஞ்சிடும்."

"இருக்கற வரைக்கும் இருக்கட்டுமே."

"கழட்டினா ஆறிடும் அண்ணி."

"அது தெரியும்" என்றாள் நாத்தனார். "கழட்டினதுக்கப்புறம் என்னன்னு கேக்கறேன்."

அதே கேள்வியைத்தானே தேனீயும் இத்தனை நாளாக வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தாள்? "முதல்ல வாங்க" என்று கையைப் பிடித்தாள். வெந்து வெந்து தடித்துப்போன கை. இழுத்துக்கொண்டு போகிற அளவுக்கு அந்தக் கை எதிர்க்கவில்லை.

மாடி அறையில் தேனீ கையைக் கழுவி, கையுறை மாட்டி, விளக்கை இழுத்தாள். காய்ந்து ஒட்டியிருந்ததை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து இளக்கினாள். கம்பியைத் திருகவில்லை, இழுக்கவில்லை. ஒரு மணியை மட்டும் கழற்றி, தோலை விரலால் தாங்கிக்கொண்டு, கம்பியை அது வந்த வழியிலேயே வழுக்கி எடுத்தாள். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. மெல்லிய துணியை வைத்து ஒற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"வலிச்சுதா?"

"இல்ல."

"சீழ் வெச்சாலோ சூடா இருந்தாலோ டாக்டர்கிட்ட போயிடணும். நான் வந்து கூட்டிட்டுப் போறேன். முகமூடிப் பட்டையை ஒரு வாரத்துக்குப் புருவத்துக்கு மேல ஏத்திக் கட்டணும். நல்லா ஆறட்டும், அப்புறம் யோசிப்போம். பட்டை படாத இடமா, மூக்குல வேணா..."

"வேண்டாம்மா."

அவ்வளவுதான், முடிந்தது என்று தேனீ நினைத்தாள்.

நாத்தனார் கண்ணைத் திறக்காமலே பேசினாள். "எனக்குப் புருவமும் வேண்டாம், மூக்கும் வேண்டாம். எனக்கு எப்பவுமே இதெல்லாம் பிடிச்சதில்ல. உன் சுவத்துல இருந்த படத்துல எது முதல்ல கண்ணுல பட்டுதோ அதைக் காட்டினேன்."

"பின்ன ஏன் வந்தீங்க?"

"உன்கூடப் பேச வந்தேன். சும்மா வந்து கதவைத் தட்டினா, நீ எதுக்கு வந்தீங்கன்னு கேட்டுட்டா நான் என்ன சொல்றது? காசு குடுத்து வந்தவளைப் போன்னு சொல்ல மாட்டே இல்ல?"

இந்த மனுஷி, நெருப்புக்கே பயப்படாதவள், ஒரு டம்ளர் டீ கேட்டு வரப் பயந்து, பிடிக்காத கம்பியை முகத்தில் வாங்கிக்கொண்டு, அதன் மேல் நாளெல்லாம் இடி வாங்கி, வலியையும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். துணியைப் பிடித்திருந்த கையை எடுக்காமலே தேனீ குனிந்து அவள் நெற்றியில் தன் நெற்றியை வைத்து அழுதாள். நாத்தனாரும் அழுதாளோ என்னவோ, "விளக்கு கண்ணைக் குத்துது, அணை" என்றாள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள் போல, மூச்சு வாங்க மேலே வந்து எட்டிப் பார்த்தார்கள். "அக்கா, மூக்கு குத்தணும். இப்ப ஃப்ரீயா?"

தேனீ கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நாளைக்கு வாங்கம்மா" என்றாள். "இன்னைக்கு யாருக்கும் போடறதா இல்ல. எங்க அண்ணி வந்திருக்காங்க."